மில் போர்டில் இருந்த பெயர்

நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பா பெயரை முன்னால் போட்டுக்கொள்வதோடு வம்ச வரலாறு முடிந்துவிடும். எங்கள் வீட்டில் அதுவும் முறையாக அமையவில்லை. என் பெயருக்கு முன்னால் இருப்பது அப்பாவின் பெயர் அல்ல. சிங்கப்பூரில், தேக்காவில் ஒரு மாவு மில்லின் போர்டில் எழுதியிருந்த பெயர்.

அது மில்லைத் தொடங்கியவரின் பெயர். அவரிடம் அப்பா மிளகாய் அரைக்கும் வேலைக்குச் சேர்ந்தவர். போர் முடிந்ததும், ஊரில் மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று அவர் மில்லை அப்பாவிடம் விட்டுவிட்டுக் கப்பலேறினார். அப்பா போர்டை மாற்றவில்லை. மாற்றினால் ஆட்கள் வேறு மில்லுக்குப் போய்விடுவார்கள் என்று பயம். கொஞ்ச காலத்தில் மலாய்க்கார அம்மாக்கள், எதிர்க்கடைச் சீனர், நம் ஆட்கள் எல்லோரும் அப்பாவையே அந்தப் பெயரால் கூப்பிடத் தொடங்கினார்கள். அடையாள அட்டை எடுக்கப் போன இடத்தில் பெயர் கேட்டபோது அப்பாவின் வாயில் வந்ததும் அதுதான். இப்படியும் ஒரு மனிதர் உண்டா என்று கேட்காதீர்கள். அப்பா அப்படித்தான்.

கல்யாணம் முடிந்து ஊரிலிருந்து வந்த அம்மாவுக்கு இது தலையில் இடி விழுந்ததைப் போல. நான் பிறந்து, எனக்கும் அந்தப் பெயரே முன்னால் ஏறியதும் வீடு இரண்டுபட்டது. இன்னொருத்தன் பெயரைத் தாங்கிய பிள்ளையைப் பெற்றவளை ஊர் என்ன சொல்லும்? அந்தப் பெயரை முழுசாகச் சொல்லிச் சொல்லித் திட்டுவாள். "அந்த ஆளா எம் பிள்ளைக்கு அப்பன்?" என்று மில்லில் நிற்பவர்களிடமும் நியாயம் கேட்பாள்.

"சரிலா, அப்ப இவரோட சொந்தப் பேருதான் என்ன?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்பார். அம்மா வாயை மூடிக்கொள்வாள். புருஷன் பெயரைச் சொல்லலாமா? வழக்கு பாதியிலேயே நின்றுவிடும். அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு இயந்திரத்தை ஓட்டுவார்.

எனக்குப் பத்து வயது இருக்கும். தம்பி இன்னும் பள்ளிக்கூடம் போகவில்லை. ஊரிலிருந்து வந்த ஒருவர், பழைய முதலாளி சிங்கப்பூரைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க வருகிறார் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. பெயரைத் திருடிவிட்டாயே என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுவாரே என்ற பயம். கப்பல் வந்த அன்று ஏணி போட்டு ஏறி, போர்டின் மேல் கோணிச்சாக்கைத் தொங்கவிட்டார். போகிறவர்கள் எல்லாம் மில்லை மூடியாச்சா என்று விசாரித்ததில் சாக்கைக் கீழே இறக்க வேண்டியதாயிற்று.

அம்மாவோ உற்சாகமாக இருந்தாள். "வரட்டும். உங்க பேர நீங்களே திருப்பி எடுத்துக்கிட்டுப் போங்கன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றேன்" என்று அடுப்படியில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்தவர் ஒல்லியான கிழவர். வெள்ளை வேட்டி, கையில் முறுக்குப் பொட்டலம். அப்பா கும்பிட்டு அவரை உட்கார வைக்கும் நேரம் பார்த்து, வாசலில் ஒருத்தர் அந்தப் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டார். "என்ன?" என்று இருவரும் ஒன்றாகத் திரும்பினார்கள். அப்பா அப்படியே தலையைக் குனிந்துகொண்டார்.

கிழவர் முறுக்குப் பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். என்னைப் பார்த்து, "உம் பேரு என்னம்மா?" என்றார். பள்ளிக்கூடத்தில் சொல்வது போல முழுப் பெயரையும் சொன்னேன்.

"இன்னொரு தரம் சொல்லு."

சொன்னேன். கிழவர் மல்லி மூட்டையின் மேல் சாய்ந்து அழத் தொடங்கினார். மிளகாய் நெடிக்கு எங்கள் மில்லில் எல்லோருக்கும் கண்ணீர் வரும். இது அதுவல்ல என்று எனக்கே தெரிந்தது.

"எம் பொஞ்சாதி போயி எட்டு வருசமாச்சு. பேர் சொல்ல ஒரு புள்ள இல்லன்னு ஊர்ல ஒரு நல்லது கெட்டதுக்குக்கூட என்னை முன்னால நிக்க விடமாட்டாங்க. இங்க ஒரு புள்ள சொல்லிக்கிட்டிருக்கு, எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார்.

அம்மா கதவருகே நின்றிருந்தாள். இப்போது ஆரம்பிப்பாள் என்று அப்பாவும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள்.

"எந்திரிங்க மாமா. சோறு ஆறுது" என்றாள்.

அவள் சிங்கப்பூரில் யாரையும் மாமா என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கிழவர் சாப்பிட்டு முடித்ததும் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "உனக்குச் சங்கடமா இருந்தா போர்ட மாத்திடச் சொல்றேன்மா." அம்மா இலையை மடித்து எடுத்தபடி, "அதெல்லாம் ஒண்ணும் வேணாம், மோர் ஊத்தட்டுமா?" என்றாள். அப்பா அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

இரண்டு மாதம் எங்களோடு இருந்துவிட்டு அவர் ஊர் திரும்பினார். அடுத்த ஜனவரியில் தம்பியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆசிரியர், பையனின் பெயருக்கு முன்னால் என்ன பெயர் போட வேண்டும் என்று கேட்டார். எத்தனையோ வருஷம் நாளுக்குப் பத்து தரம் சொல்லித் திட்டிய பெயர். அம்மா வாயைத் திறக்காமல் என்னை முழங்கையால் இடித்தாள்.

"நீ சொல்லுடி. மாமனார் பேர நான் எப்படிச் சொல்லுவேன்?"