காலி டப்பாவில் சீசியம்

தாட்சாயணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. மஸ்கட் விசா வந்தாகிவிட்டது. திருப்பதிப் பரிசோதனைக் கூடத்தில் இது கடைசி வாரம். நகரிப் பக்கம் தெலுங்கில் படித்து, பிஸிக்ஸில் எம்.எஸ்சி. முடித்தவளுக்கு இந்த வேலை வாய்த்ததே மாம்பழத்தால்தான். மாங்கூழ் கப்பலேறத் தொடங்கியதும், அதில் கதிர்வீச்சு இல்லை என்று சான்று கேட்டார்கள் வெளிநாட்டுக்காரர்கள்.

இப்போது இருக்கிறது என்கிறது மெஷின். புத்தூர் நாராயணசாமி ஃபேக்டரிக் கூழில் சீசியம் என்ற கதிர்ப்பொருளாம். அதில் பாதி அவள் நைனாவின் தோப்புப் பழம். சான்று தவறினால் அந்தப் பழத்தை இனி யாரும் தொடமாட்டார்கள்.

"மருந்துகூட கம்மியாத்தாம்மா அடிச்சேன்," என்றார் நைனா போனில்.

கூடத்தின் முதலாளி கோவர்த்தனனிடம், சாஃப்ட்வேர்தான் தப்பாகச் சொல்கிறதோ என்ற சந்தேகத்தைச் சொன்னாள். அவர் சிரித்தார். "உங்க நைனா பழம்னா மட்டும் சாஃப்ட்வேருக்குக் கண்ணு தெரியலையாம்மா?"

சுருக்கென்றது. காலி டப்பாவைக் கழுவித் துடைத்து உள்ளே வைத்தாள். அதிலும் சீசியம் என்றது மெஷின்.

குனிந்து பார்த்தபோது விளங்கியது. போன மாதம் மரமேசையை எடுத்துவிட்டு, குப்பம் ஊரிலிருந்து வந்த கிரானைட் பலகையைப் பெருமையாகப் போட்டிருந்தார் கோவர்த்தனன். கருவிக்குச் சுற்றிலும் ஈயம். அடியில் மட்டும் கிடையாது. கல்லில் இயல்பாகவே கொஞ்சம் கதிர் உண்டு. சாஃப்ட்வேரோ மரமேசைக் காலத்தில் அளந்த சுற்றுப்புறக் கதிரை மட்டுமே கழித்துக்கொண்டிருந்தது. மிஞ்சிய கல்லின் கதிருக்கு ஏதாவது பெயர் வைக்க வேண்டுமே. அந்தக் கதிரின் ஆற்றலுக்குப் பக்கத்தில் மெஷினுக்குத் தெரிந்த பெயர் சீசியம் ஒன்றுதான்.

கோவர்த்தனன் பலகையைத் தட்டிப் பார்த்தார். எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி அளக்கச் சொன்னார். அளந்தாள். கூழ் சுத்தம்.

நைனாவுக்குச் சொல்லப் போனை எடுத்தவள் அப்படியே நின்றாள். பலகை வந்த பிறகு வடமாலபேட்டை பாலையா தன் தோப்புப் பழத்தில் போட்ட கூழும் சோதனைக்கு வந்திருந்தது. மெஷின் சீசியம் என்றதும், கூழ் தேறாது என்று மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டிருந்தாள். அன்று காலி டப்பா ஞாபகமே வரவில்லை.

"அடுத்த வாரம் ஃப்ளைட் ஏறப் போறவ. நான் பார்த்துக்கிறேன், உனக்கெதுக்கும்மா?" என்றார் கோவர்த்தனன்.

அவள் பாலையாவையே கூப்பிட்டாள். அவர் குரலுக்குப் பின்னால் ஏதோ இரைந்தது. விஷயத்தைச் சொன்னாள்.

"கூழைக் குழியில கொட்டியாச்சேம்மா," என்றார். "மண்ணே கெட்டுப்போச்சுன்னு மரத்தைக்கூட அறுத்துக்கினு... இரு, இரு."

போனை அணைக்காமலே ஓடினார். நிறுத்துங்கடா என்று அவர் கத்துவது கேட்டது. ரம்பத்தின் இரைச்சல் நின்றபாடில்லை.