சுருளியம்மாள் வாங்கிய பெட்டிக் கேமரா

வண்டன்மேட்டு ஏலத்தோட்டத்தில் களம் காக்கிறவள் சுருளியம்மாள். பாய் நிறைய ஏலக்காய் வெயிலில் கிடக்கும். வால்காக்கை ஒன்று வந்து வாய்க்கு ஒன்றாகக் கொத்திக்கொண்டு போகும். எடை குறைந்தால் பழி யார் தலையில்? களத்துப் பெண்கள் எட்டுப் பேரும் சாயங்காலம் கணக்கப்பிள்ளை முன்னால் மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். அந்த 1934ஆம் வருஷம் சுருளியம்மாளை மட்டும் இரண்டு தடவை உதறச் சொன்னார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"காக்காதான் எடுக்குதுங்கய்யா" என்றாள் முதலாளி காளிச்சாமியிடம்.

"போட்டோ இருந்தாக் காட்டு, நம்புறேன்" என்று சிரித்தார் அவர்.

சிரித்தவர் மறந்துவிட்டார். இவள் மறப்பாளா? வளர்த்த கிடாயை விற்றுக் காசை முடிந்துகொண்டு மலை இறங்கிக் கம்பத்துக்கு நடந்தாள். பழைய கேமரா விற்கும் சைனுதீன் ராவுத்தர் கடையில் துருத்தி வைத்த கேமரா ஒன்று இருந்தது. துருத்தி நீள நீளத் தூரம் தெரியும் என்று இவளாகவே முடிவுகட்டிவிட்டாள்.

"இதக் குடுங்க ராவுத்தரே. மரத்துல இருக்க காக்கா தெரியணும்."

ராவுத்தர் ஏமாற்றத் தெரியாத மனுஷன். எதிர்க்கூரையில் இருந்த காக்கையை அந்தக் கேமராவின் பின்கண்ணாடியில் காட்டினார். எள்ளளவுதான் தெரிந்தது, அதுவும் தலைகீழாக.

"தூரத்துக்கு வேற லென்சு வேணும் தாயி. அத வாங்க உங்க முதலாளி தோட்டத்த விக்கணும்."

அவள் நகரவில்லை. "காக்கா பாய்க்கே வருது. கேமராவ அதுகிட்ட வச்சா?"

"கிட்டத்துல மங்கும்." தாடியைச் சொறிந்தார். "இந்தப் பெட்டிக் கேமரா மலிவு. முன்னால ஒரு வெள்ளெழுத்துக் கண்ணாடி ஒட்டித் தாரேன். ரெண்டு முழத்துல பளிச்சுனு விழும். வெயில் மட்டும் வேணும்."

வெயிலுக்கா களத்தில் பஞ்சம்? துருத்தியைத் திரும்பியும் பார்க்காமல் பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

பாய் ஓரத்தில் கவிழ்த்த கூடைக்குள் பெட்டி, அதன் விசையில் நூல், நூல் நுனி அவள் கையில். பிலிம் சுருளில் எட்டுப் படம். அவசரப்பட்டு ஏழு படத்தைப் பாழாக்கினாள். எட்டாவதற்கு மூன்று நாள் கல்லாக உட்கார்ந்திருந்தாள். காக்கை காயைக் கவ்வித் தலைநிமிர்ந்த நொடியில் இழுத்தாள்.

ராவுத்தர் கழுவித் தந்த படத்தில் அலகும் காயும் தெளிவாக விழுந்திருந்தன. காளிச்சாமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரி, நீ எடுக்கல. இனி நீ மடி உதற வேண்டாம்."

"மத்த ஏழு பேரு?"

சுருளியம்மாள் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. வெளியே ஏழு பெண்களும் வரிசையில் காத்து நின்றார்கள். கடைசியில் கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டு, "இனிமே எல்லாரையும் மடி உதறாம வீட்டுக்கு அனுப்பும்" என்றார் காளிச்சாமி.

அதுவரை கண் கலங்காதவள், அப்போதுதான் ஓவென்று அழுதாள்.