நீலக் கட்டத்தில் வேறு பெயர்

நெட்டிலிருந்து ஒரு ஃபைல் இறங்கி முடிந்தாலே எனக்குப் பயம்தான். திருவொற்றியூரில் என் வீட்டு முன்னறைதான் கடை. ஜெராக்ஸ், பிரிண்ட், ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது. தெருவில் பாதிப் பேருடைய ஆதார், பேங்க் புக், ரேஷன் கார்டு எல்லாம் அந்த ஒரே கம்ப்யூட்டருக்குள் கிடக்கின்றன. அடுத்த தடவை தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம் என்று அவர்களே "உள்ளயே வெச்சிக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனவை. தாழ்ப்பாள் சரியில்லாத வீட்டில் ஊரார் நகையை வாங்கி வைத்திருப்பவன் மாதிரிதான் நான் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பேன்.

எட்டாவதோடு என் படிப்பு நின்றது. அப்புறம் மணலிப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் சீல் பார்க்கிற வேலை. லாரி உள்ளே வந்ததும், கண்டெய்னர் கதவில் மாட்டியிருக்கும் இரும்பு சீலைப் பிடித்து இழுத்துப் பார்ப்பேன். ஆடாமல் நின்றால் "சீல் ஓகே" என்று கத்துவேன். அதோடு முடியாது. சீலில் பொறித்திருக்கும் நம்பரை ஒவ்வொரு எழுத்தாக நான் படிக்க வேண்டும். பேப்பர் வைத்திருப்பவர் தன் பேப்பரில் இருப்பதைத் திருப்பிச் சொல்வார். இரண்டு குரலும் ஒத்துப்போனால்தான் லாரி நகரும். இடுப்பு போன பிறகு அந்த வேலையை விட்டுவிட்டுக் கடை போட்டேன்.

போட்ட புதிதில் பி.டி.எஃப். சேர்க்கிற புரோகிராம் என்று எதையோ இறக்கிவிட்டேன். மறுநாள், ஞானஸ்நானக் கார்டு அடிக்க ராயபுரத்திலிருந்து வந்திருந்த மாதா கோயில் பெரியவர் முன்னால், அரைகுறை உடையில் ஒரு பெண் திரை முழுக்க வந்து நின்றாள். மூடினால் இன்னொருத்தி வந்தாள். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தவர், நான் மெயின் சுவிட்சை அணைக்கும்வரை துடைத்துக்கொண்டே இருந்தார்.

சரி செய்ய வந்த மெக்கானிக் சின்ன வயசுக்காரர்.

"இது விளம்பரத்தைக் காட்டி துட்டு பாக்கிற ஐட்டம்ணா. இன்னிக்கு படம் காட்டும். நாளைக்கு உள்ள கீறதுல எதுனா எடுத்துக்கினு போனாலும் உனக்குத் தெரியாது," என்றார். "இனிமே எந்த ஃபைல எறக்கினாலும் ரைட் கிளிக் பண்ணு. பிராப்பர்டீஸ் போ. டிஜிட்டல் சிக்னேச்சர்னு ஒரு டேப் கீதான்னு பாரு. ஃபைல வெளிய வுட்ற கம்பெனி போட்ற கையெழுத்து அது. இல்லன்னா தொடாத. இருந்தா, யாரு கையெழுத்துன்னு பாரு."

எடுத்துக்கொண்டு போகும் என்ற இடத்திலேயே என் காது அடைத்துவிட்டது. கடைசியாகச் சொன்னதை நான் வாங்கிக்கொள்ளவே இல்லை. டேப் இருக்கிறதா, உள்ளே போனால் கையெழுத்து ஓகே என்று வருகிறதா, அது போதும் என்று எடுத்துக்கொண்டேன். அன்று முதல் ஒவ்வொரு ஃபைலுக்கும் அதைச் செய்தேன். மனசுக்குள் "சீல் ஓகே" என்று சொல்லிக்கொள்வேன். அந்த நேரம் மட்டும் கொஞ்சம் மூச்சு விட முடியும்.

போன மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில், மார்க்கெட்டில் மீன் விற்கிற அக்கா கூடையைப் படியில் இறக்கிவிட்டு உள்ளே வந்தார். அவர் வீட்டுக்காரர் வெல்டர். காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டுகிற இடத்தில் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

"கேட் பாஸுக்கு இதெல்லாம் ஸ்கேன் பண்ணி அனுப்பணுமாம், நைனா. மத்தியானத்துக்குள்ள வரலன்னா வேற ஆள ஏத்திக்குவேன்னு கான்ட்ராக்டரு சொல்ட்டான்."

பிரிண்டரோடு சேர்ந்திருந்த ஸ்கேனர் வேலை செய்யவில்லை. முந்தின நாள் விண்டோஸ் தானாகவே எதையோ மாற்றியதிலிருந்து அது செத்துக் கிடந்தது. அதற்கான டிரைவரை, அதாவது ஸ்கேனரைக் கம்ப்யூட்டரோடு பேச வைக்கிற புரோகிராமை, மறுபடி இறக்க வேண்டும். மிஷினின் பெயரைப் போட்டுத் தேடினேன். முதலில் வந்ததை அமுக்கினேன். இறங்கியது. ரைட் கிளிக். பிராப்பர்டீஸ். டேப் இருந்தது. கையெழுத்து ஓகே. இரண்டு தடவை தட்டினேன்.

திரை இருண்டது. நடுவில் நீலப் பட்டை போட்ட கட்டம் ஒன்று வந்து, உள்ளே விடலாமா என்று கேட்டது. வெளியிட்டவர் பெயர் சரிபார்க்கப்பட்டது என்று ஒரு வரி, பக்கத்தில் ஒரு பெயர். நீலம் வந்தால் நல்லது, மஞ்சள் வந்தால் ஆபத்து என்று பழகியிருந்ததால் விரல் தானாக 'எஸ்' பக்கம் போனது. போகிற வழியில் கண் அந்தப் பெயரில் பட்டது.

எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் வரும். கூட்டினேன். பக்கத்திலிருந்த பிரிண்டரின் நெற்றியைப் பார்த்தேன். அங்கே இருந்த பெயர் வேறு.

யார்டில் ஒரு தடவை இப்படி நடந்தது. சீல் புத்தம் புதுசாக, தொங்கிப் பார்த்தாலும் அசையாமல் இருந்தது. நான் நம்பரைப் படித்தேன், பேப்பர்க்காரரிடமிருந்து பதில் வரவில்லை. மறுபடி படித்தேன். அவர் பேப்பரை மடித்துக்கொண்டு மெதுவாகப் பின்னால் நகர்ந்தார். வழியில் யாரோ பழைய சீலை வெட்டி, கதவைத் திறந்து, தங்கள் சீலைப் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். உள்ளே என்ன ஏற்றினார்கள், என்ன இறக்கினார்கள் என்று யாருக்கும் தெரியாது. கஸ்டம்ஸ் வரும்வரை அந்தக் கதவுப் பக்கம் ஒருத்தரும் போகவில்லை. உடைந்த சீலைப் பார்த்து நாங்கள் அவ்வளவு பயந்ததில்லை.

"இன்னா நைனா, பேயப் பாத்தாப்ல குந்திக்கினு கீற?" என்றார் அக்கா.

"கொஞ்சம் இருக்கா."

"அது இன்னா கேக்குது?"

"உள்ள வரட்டுமான்னு கேக்குது."

"வரட்டுமே. நேரமாவுதில்ல?"

"யாருன்னு தெரியலக்கா."

'நோ'வை அமுக்கவும் பயமாக இருந்தது. ஏமாற்றுகிறவன் 'நோ' என்று எழுதி உள்ளே 'எஸ்' வைத்திருந்தால்? முதலில் நெட் ஒயரைப் பிடுங்கினேன். பிறகு 'நோ'. திரை வெளுத்தது. ஒன்றும் நடக்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"ஏம்மே," என்று உள்ளே மனைவியைக் கூப்பிட்டேன். "பிரிண்டர் வந்த அட்டைப்பெட்டி எங்க?"

"பரண் மேல. இன்னாத்துக்கு?"

"அதுல கம்பெனியோட நெட் அட்ரஸ் இருக்கும்."

குழம்புக் கையோடு பெட்டியைக் கொண்டுவந்து போட்டாள். "ஒரு ஸ்கேனுக்கு இந்தப் பேஜாரா?" என்றாள். அந்த ஃபைலை அழித்துவிட்டு, ஒயரை மறுபடி மாட்டி, பெட்டியில் இருந்த விலாசத்தையே அடித்துப் போனேன். வேறு ஃபைல் இறங்கியது. கையெழுத்து டேப்பைத் திறந்தேன். இந்தத் தடவை நான் இழுத்துப் பார்ப்பதோடு நிற்கவில்லை.

"பெட்டி மேல கீற பேர ஒவ்வொரு எழுத்தா சொல்லு," என்றேன்.

"உனக்குப் பைத்தியம் புடிச்சிகிச்சி."

"சொல்லுமே."

அவள் சொன்னாள். திரையில் விரல் வைத்து நான் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னேன். அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "புருசனும் பொஞ்சாதியும் இஸ்கோலுக்குப் போறீங்களா?" என்றார். கடைசி எழுத்து வரை ஒத்துப்போனது. ஸ்கேனர் விளக்கு எரிந்தது. காகிதங்கள் மத்தியானத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தன.

அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு போன பிறகுதான் எனக்கு உண்மையான பயம் பிடித்தது. இதுவரை இறக்கியதையெல்லாம் நான் இழுத்து மட்டும்தானே பார்த்திருக்கிறேன்?

கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். இறக்கியவை எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து கையெழுத்தைப் பார்த்தேன். பெரும்பாலும் செய்தவன் பெயரும் கையெழுத்தும் ஒன்றாகவே இருந்தன. போட்டோவைச் சின்னதாக்குகிற புரோகிராமில் மட்டும் இல்லை. கையெழுத்து ஓகேதான். பெயர்தான் யாரோ. ஓரத்தில் அவ்வப்போது வந்து போகிற கடன் விளம்பரங்களை நெட்டோடு வருவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விண்ணப்பத்துக்கென்று என் கடைக்கு வந்த முகமெல்லாம் அந்தப் புரோகிராம் வழியாகத்தான் போயிருக்கிறது.

மெக்கானிக் வந்து எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். "விளம்பரம் காட்றதோட நின்னுதான்னு தெரியலண்ணா. நின்னிருக்கலாம்," என்றார். அந்த 'லாம்' என்னை இன்றுவரை விடவில்லை.

என்னிடம் காகிதம் கொடுத்து வைத்திருந்தவர்களைத் தேடித் தேடிச் சொன்னேன். பேங்கில் ஏதாவது தெரியாத மெசேஜ் வந்தால் சொல்லுங்கள், ஓ.டி.பி. யாருக்கும் தராதீர்கள் என்று. மீன்கார அக்காவிடம் மட்டும் சொல்வதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். கேட் பாஸ் கிடைத்த சந்தோஷத்தில் அவரே ஒரு நாள் வஞ்சிரம் கொண்டுவந்தார். சொன்னேன்.

"எங்க பேங்க் புக்க தொறந்து பாத்தா, திருட வந்தவனே பாவப்பட்டு எதுனா துட்டு போட்டுட்டுப் போவான்," என்றார். சிரித்தார். ஆனால் போகும்போது, "என் பேப்பர அதுல வெச்சிக்காத நைனா," என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்கினார்.

இப்போது யாருடைய காகிதத்தையும் உள்ளே வைப்பதில்லை. வேலை முடிந்ததும் அவர்கள் கண்ணெதிரிலேயே அழித்துவிடுகிறேன். எதை இறக்கினாலும் உள்ளே இருக்கிற மனைவியைக் கூப்பிடுகிறேன். பெட்டியையோ கவரையோ பார்த்து அவள் ஒரு எழுத்துச் சொல்வாள், திரையில் நான் ஒரு எழுத்துச் சொல்வேன். சில சமயம் குக்கர் விசிலில் அவள் குரல் வராமல் போகும். விரலை மவுஸிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன்.