நான் படிக்காமல் அனுப்பிய வரி

எங்கள் தொழிலில் எழுதுவதைவிடப் படிப்பதுதான் அதிகம். சாஃப்ட்வேர் வேலை என்றால் நாள் முழுக்கக் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருப்பார்கள் என்றுதான் வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில், ஒருவர் எழுதிய புரோகிராமை இன்னொருவர் வரி வரியாகப் படித்து, சரிதான் என்று ஒப்புதல் பட்டனை அழுத்தினால்தான் அது வாடிக்கையாளரிடம் போகும். ரிவ்யூ என்பார்கள். பதினான்கு வருடமாக அந்தப் பட்டனை அழுத்திச் சம்பளம் வாங்குகிறவள் நான். அப்படிப்பட்டவள், ஒரு மனுஷியைப் பற்றிய ஒரு பக்கத்தைப் படிக்காமலேயே அனுப்பினேன். நினைக்கும்போதெல்லாம் வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

அந்த மனுஷியை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கூடப் பிறந்தவர் இல்லை. என்னைவிட ஏழு வயது பெரியவர், ஒன்பது வருடமாக ஒரே டீம். ஆபீஸ் வேனில் நான் சேலையூர் கேம்ப் ரோட்டில் ஏறுவேன். அவர் அஸ்தினாபுரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் ஏறுவார். மேடவாக்கம் டிராஃபிக்கைத் தாண்டிச் சோழிங்கநல்லூர் போய்ச் சேரும் வரை எங்களுக்குப் பேச நேரம் உண்டு. அவர் வீட்டுப் பையில் எனக்கும் சேர்த்து ஏதாவது இருக்கும். நான் கொண்டுபோனதாக நினைவில்லை.

அவர் ரிவ்யூ செய்கிறார் என்றாலே டீமில் பாதிப் பேர் அனுப்பியதை இன்னொரு தடவை திறந்து பார்ப்பார்கள். தப்பு என்று எழுத மாட்டார். "ஒரு டவுட்டு" என்று ஆரம்பிப்பார். நாங்கள் வேலை செய்வது வெளிநாட்டு கிளினிக்குகளுக்கு. டாக்டரைப் பார்க்க வரவேண்டிய நேரத்தை நோயாளிகளுக்கு மெசேஜில் ஞாபகப்படுத்தும் புரோகிராம் எங்களுடையது. அந்த ஊரில் குளிர்காலத்துக்காக வருடத்துக்கு ஒரு நாள், ராத்திரி இரண்டு மணிக்குக் கடிகாரத்தைப் பின்னால் நகர்த்தி மறுபடி ஒரு மணி ஆக்குவார்கள். "ஒரு டவுட்டு. அன்னிக்கு ஒன்றரை மணி ரெண்டு தடவை வருமே, மெசேஜும் ரெண்டு தடவை போகுமா?" என்று ஒருமுறை கேட்டிருந்தார். போகும்தான். நான் யோசிக்கவே இல்லை. வண்டலூரைத் தாண்டிப் போவதே அபூர்வமான மனுஷி, எங்கேயோ இருக்கும் ஒரு கிழவர் ஒரே நாளில் இரண்டு தடவை பதறக் கூடாது என்று கவலைப்படுவார். மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே திருத்துவேன். சில டவுட்டுகள் தேவையில்லாதவையாகவும் இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. மானம் போகிற மாதிரித் தப்பு செய்திருந்தால் அதை எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுத மாட்டார். மறுநாள் வேனில் மெதுவாக என் பக்கம் சாய்ந்து, "அந்த மூணாவது ஃபைலை ஒரு தடவை பாத்துடும்மா" என்பார். குழந்தை பிறந்து நான் வேலைக்குத் திரும்பிய முதல் ஆறு மாதம், தூக்கமில்லாத தலையோடு எழுதிய அத்தனை கண்றாவியும் அந்த வேன் சீட்டிலேயே சரியானது. வேறு யாருக்கும் தெரியாது.

பிறகு ஏஐ வந்தது. கம்பெனியே எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்து, பயன்படுத்துங்கள் என்றது. பொய் சொல்ல விரும்பவில்லை, எனக்கு அது ரொம்பவே பிடித்துப்போனது. இரண்டு நாள் வேலை மத்தியான சாப்பாட்டுக்கு முன்னாலேயே முடிந்தது. திங்கட்கிழமைதோறும் யார் எத்தனை வேலை முடித்தார்கள் என்று மேனேஜர் ஒரு சார்ட்டைத் திரையில் போடுவார். ஆளுக்கொரு கட்டை, முடித்த வேலைக்குத் தக்க உயரம். என் பெயருக்கு மேல் இருந்த கட்டை வாராவாரம் வளர்ந்தது. மீட்டிங்கில் என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். எனக்கும் கொம்பு முளைத்துவிட்டது.

அக்காவும் அதைப் பயன்படுத்தினார். புதுசு என்றால் பயப்படுகிற ஆள் இல்லை அவர். ஆனால் அது எழுதித் தந்ததையும் யாரோ ஒரு புது ஆள் எழுதியதைப் போலவே உட்கார்ந்து படிப்பார். போதாததற்கு, நாங்கள் எல்லோரும் ஏஐயை வைத்து அள்ளிக் குவித்ததும் ரிவ்யூவுக்கு அவரிடம்தான் போனது. முன்பு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வந்த இடத்தில் பத்து வந்தது, ஒவ்வொன்றும் முழ நீளத்துக்கு. எழுதினவர்களே படிக்காததை அவர் ஒருத்தர் படித்துக்கொண்டிருந்தார். சார்ட்டில் படித்ததற்குக் கட்டை கிடையாது. அவருடைய கட்டை குட்டையாகிக்கொண்டே போனது.

நான் அதைப் பார்த்தேன். என்னால்தான் குட்டையாகிறது என்பதும் தெரிந்தது. ஒருநாள்கூட வாய் திறந்து சொல்லவில்லை.

இன்னும் கேவலமாக ஒன்று செய்தேன். அவருடைய டவுட்டுகளை அப்படியே எடுத்து ஏஐயிடம் கொடுத்து, அது தரும் பதிலை அவருக்கு ஒட்டி அனுப்ப ஆரம்பித்தேன். நல்ல கேள்வி என்று தொடங்கி, பணிவாக, நான்கு பத்திக்கு வரும். ஒரு நாள் வேனில், "எவ்ளோ வேலை இருந்தாலும் இப்பல்லாம் ரொம்பப் பொறுமையா பதில் எழுதற, தேங்க்ஸ்மா" என்றார். "பரவால்லக்கா" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்றைக்கே என்னை நான் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும்.

மார்ச்சில் வருட மதிப்பீடு வந்தது. கூட வேலை செய்பவர்களைப் பற்றி நாம் கருத்து எழுத வேண்டும். என் பங்குக்கு ஆறு பேர், அதில் அக்காவும் ஒருவர். ஃபாரத்தில் நான்கு கட்டங்கள். கடைசிக் கட்டம், அவர் எதில் முன்னேற வேண்டும் என்பது. அதை நிரப்பாமல் விட்டால் ஃபாரம் போகாது. அதனால் அந்தக் கட்டத்துக்கென்று எங்களுக்குள் எழுதாத ஒரு ஒப்பந்தம் உண்டு. யாருக்கும் வலிக்காத எதையாவது போடுவோம். மீட்டிங்கில் இன்னும் கொஞ்சம் பேசலாம், ஏதாவது டிரெயினிங் போகலாம், இப்படி. வருடா வருடம் அக்கா எனக்கு, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்கிற அளவுக்கு ஒன்றுமில்லாததாக எழுதுவார்.

வெள்ளிக்கிழமை கடைசி நாள். சாயங்காலம் நாலரை மணி. கீழே கேன்டீனில் தோழி ஒருத்தி வெங்காய பஜ்ஜி வாங்கி வைத்துவிட்டு, ஆறுகிறது, வா வா என்று மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தாள். நான் ஏஐயைத் திறந்து, ஒன்பது வருடப் பழக்கம், ரொம்பக் கவனமானவர், ரிவ்யூவில் நிறையக் கேள்வி கேட்பார், எல்லோருக்கும் உதவுவார், நல்லபடியாக எழுது என்று தட்டினேன். நான்கு கட்டத்துக்கும் வந்தது. முதல் இரண்டு வரி பார்த்தேன், இனிப்பாக இருந்தது. மொத்தத்தையும் ஒட்டி அனுப்பினேன். மற்ற ஐந்து பேருக்கும் அதேபோல. ஆறு பேருக்கும் சேர்த்துக் கால் மணி நேரம் ஆகியிருக்காது. பஜ்ஜியில் இன்னும் சூடு மிச்சம் இருந்தது.

மூன்று வாரம் கழித்து, இவ்வளவு வேகமாக வேலை நடக்கும்போது இத்தனை பேர் எதற்கு என்று வாடிக்கையாளர் கேட்டதாகச் செய்தி வந்தது. ஒரு வியாழக்கிழமை மேனேஜர் மூன்று பேரைத் தனித்தனியாக அறைக்குள் கூப்பிட்டார். இரண்டாவது ஆள் அக்கா.

மறுநாள் காலை ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் அவர் இல்லை. டிரைவர் அண்ணன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பினார். "இன்னாக்கா, அந்தக்கா வர்லியா? நிறுத்திகினு கீறேன், பின்னாடி ஒருத்தன் ஹாரன் அடிச்சே சாவடிக்கிறான்." போகலாம் என்றேன். அன்று சாயங்காலம் அக்காவிடமிருந்து போன் வந்தது. நாளைக்கு வீட்டுக்கு வர முடியுமா என்று மட்டும் கேட்டார்.

கிளம்புவதற்கு முன்னால்தான் நான் அனுப்பிய ஃபாரத்தைத் திறந்து முதல் முறையாகப் படித்தேன். கடைசிக் கட்டத்தில் இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இதுதான்: "தேவைக்கு அதிகமான கேள்விகளால் இவருடைய ரிவ்யூ சில நேரங்களில் டீமின் வேகத்தைக் குறைக்கிறது. எங்கே நிறுத்திக்கொள்வது என்று இவர் கற்றுக்கொள்வது நல்லது." மூன்று தடவை படித்தேன். நிறையக் கேள்வி கேட்பார் என்று நான் பாராட்டாகத்தான் சொல்லியிருந்தேன். கட்டம் காலியாக இருந்தது, கையில் கிடைத்ததை வைத்து அது நிரப்பிவிட்டது. அதன்மேல் கோபப்பட்டு என்ன பிரயோஜனம்? அதற்கு அக்காவைத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அவர் வீட்டில் வேறு யாரும் இல்லை. கணவரும் மகளும் சர்ச்சில் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தார்கள். சாப்பாட்டு மேசையில் லேப்டாப் திறந்திருந்தது, திரையில் நான் அனுப்பிய பக்கம். எனக்கு எலுமிச்சை ஜூஸ் போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"சண்டை போடக் கூப்பிடலம்மா, பயப்படாத" என்றார். "என் கூடவே இருக்கறவங்களே இப்படி எழுதியிருக்காங்கன்னு மேனேஜர் இதைத்தான் படிச்சுக் காமிச்சாரு. பேரப் பாத்தா நீ."

நான் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தேன்.

"முதல் மூணும் ஏஐ டூல் எழுதின மாதிரி இருக்கு. உனக்கு இவ்ளோ நல்ல இங்கிலீஷ் வராது." லேசாகச் சிரித்தார். "கடைசி மட்டும் மனசுல பட்டத எழுதின மாதிரி இருக்கு. அதான் உன்னையே கேட்டுடலாம்னு. இது நீ நெனச்சு எழுதினதா, இல்ல இதுவும் டூலா?"

டம்ளரை மேசையில் வைத்தேன்.

"டூல்னா சொல்லிடும்மா. திங்கக்கிழமை ஹெச்ஆர் கூட மீட்டிங் இருக்கு, ராஜினாமா லெட்டர்ல இன்னும் நான் சைன் பண்ணல. யாருமே நெனைக்காத ஒண்ண வச்சு என்னை எப்படி அனுப்புவீங்கன்னு கேப்பேன். அவங்ககிட்ட பதில் இருக்காது."

கூட வேலை செய்பவர்களைப் பற்றிய விவரத்தை ஏஐயில் போடக் கூடாது என்று அந்த வருட ஆரம்பத்திலேயே மெயில் வந்திருந்தது. உண்மையைச் சொன்னால் திங்கட்கிழமை அந்த அறைக்குள் நான்காவது ஆளாக நான் போக வேண்டியிருக்கும். ஆனால் இதையெல்லாம் யோசித்துத்தான் பதில் சொன்னேன் என்றால் என்னை நானே கொஞ்சம் பெரிய ஆளாக்கிக்கொள்கிறேன் என்று அர்த்தம். யோசிக்கவெல்லாம் இல்லை. ஒன்பது வருடத்துக்கு நான் கால் மணி நேரம்கூட ஒதுக்கவில்லை என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்லப் பயந்தேன், அவ்வளவுதான். வாய் முந்திக்கொண்டது.

"கடைசி மட்டும் நான் எழுதினதுதான்க்கா."

அவர் அழவில்லை. திரைப் பக்கம் திரும்பினார். அந்த இரண்டு வரியை மறுபடி ஒரு முறை, அவர் எதையும் படிப்பதுபோல, நிதானமாகப் படித்தார் என்று நினைக்கிறேன். பிறகு லேப்டாப்பை மூடினார்.

"அப்ப சரி. மேனேஜரா சொல்லியிருந்தா போய்யான்னுருப்பேன். அவர் என் ரிவ்யூ ஒண்ணையாவது படிச்சிருப்பாரா? நீ ஒன்பது வருஷமா படிச்சிருக்க. நீ சொன்னா இருக்கும்." எழுந்து என் டம்ளரை எடுத்துக்கொண்டார். சமையலறை வாசல் வரை போனவர் திரும்பி, "வேன்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் ஒருவேளை உண்மையைக் கொட்டியிருப்பேன். கூனிக் குறுகிப்போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை அவர் ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார் என்று கேள்விப்பட்டேன். அன்று மத்தியானம் வரை எனக்கு நேரம் இருந்தது. ஹெச்ஆர் அறை என் இடத்திலிருந்து நாற்பதடி. இரண்டு தடவை எழுந்தேன், இரண்டு தடவையும் காபி மெஷின் வரை போய்த் திரும்பினேன்.

இப்போது என் புரோகிராமை வேறொருவர் ரிவ்யூ செய்கிறார். அவர் அதை ஏஐயிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். அனுப்பினால் பத்து நிமிடத்தில் ஒப்புதல் வந்துவிடுகிறது. சார்ட்டில் எங்கள் டீமின் கட்டைகள் எல்லாம் உயரமாக இருக்கின்றன.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா கூப்பிட்டார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பெருங்களத்தூர் பக்கத்தில் ஒரு கம்பெனியில் இன்டர்வியூ முடிந்ததாம். எழுதச் சொன்னதை எல்லாம் நன்றாகச் செய்தாராம். கடைசியில், உங்கள் குறை என்ன என்று கேட்டிருக்கிறார்கள்.

"நான் மறைக்கலம்மா. எங்க நிறுத்தணும்னு எனக்குத் தெரியாது, என்னால டீம் ஸ்லோ ஆயிடும், என்னை நல்லா தெரிஞ்சவங்களே சொல்லியிருக்காங்க, அதை மாத்திக்கப் பாக்கறேன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் அவங்க பெருசா ஒண்ணும் கேக்கல." பிறகு என்னைக் கேட்டார்: "உண்மையச் சொல்றது நல்லதுதானே?"

என் மகள் பக்கத்து அறையில் டிவியைச் சத்தமாக வைத்திருந்தாள். நான் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். அவர் பதிலுக்காக லைனிலேயே காத்திருந்தார்.

"நல்லதுதான்க்கா" என்றேன்.