தவமணி மிஸ்ஸியின் சூட்டுப் பைகள்

கிரானில் மகள் வீட்டு முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. நாவற்குடாவிலிருந்து தவமணி மிஸ்ஸியின் தங்கை பேசினார். "அண்ண, அக்கா இண்டைக்கு விடிய மோசம் போயிட்டா. தேத்தண்ணி கேட்டவ. ஊத்திக்கொண்டு வாறதுக்குள்ள போயிட்டா." நான் நெல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இதை வாசிக்கும் உங்களில் பலர் அவரை அறிவீர்கள். சிலரை முதன்முதலாகக் கையில் ஏந்தியவரே அவர்தான். யுத்த காலத்தில் உன்னிச்சைக்குப் பக்கத்தில் இருந்த சிறிய ஆஸ்பத்திரியில் அவர் தாதி, நான் மருந்து கொடுப்பவன். கூரையில் பாதி ஓடுகள் இல்லை. மின்சாரம் அறவே இல்லை. வாவிக்கு அப்பால் வீடு இருந்தும் அவர் ஒருபோதும் இடமாற்றம் கேட்கவில்லை. "நான் போனா இஞ்ச வாறதுக்கு ஆர் இரிக்கா?" என்பார். அதைப் பெருமையாகச் சொல்லத் தெரியாது அவருக்கு. நான் சொல்கிறேன்.

மாரி காலத்தில் மாதம் நிறையாமல் பிறக்கும் பிள்ளைகள்தான் எங்கள் பெரிய பயம். தாயின் நெஞ்சோடு பிள்ளையைச் சேர்த்துக் கட்டிவிடுவோம். தாய் எழும்ப முடியாமல் கிடந்தால் சுடுதண்ணீர்ப் பைதான் துணை. இருந்த ஒரே றப்பர் பையும் வெடித்துப்போக, சோடாப் போத்தலில் சுடுதண்ணீர் நிரப்பித் துணி சுற்றி வைத்தோம். ஒரு நாள் மூடி கழன்று பிள்ளையின் துணியெல்லாம் நனைந்துவிட்டது. நல்லகாலம், தண்ணீர் ஆறிப்போயிருந்தது. மிஸ்ஸி போத்தல்கள் எல்லாவற்றையும் தூக்கி வெளியே வைத்தார். "இனித் தண்ணி வேணாம், அண்ண. காய்ஞ்ச சூடு வேணும்."

தன் பழைய சேலையைக் கிழித்துச் சிறு பைகள் தைத்தார். முதலில் ஆற்று மணலை வறுத்துப் போட்டார். அது கனத்தது, சூடும் கட்டுக்குள் நிற்கவில்லை. உப்பு மாரியின் ஈரத்தை இழுத்துக் கட்டியானது. தவிடு கருகி மணத்தது. அரிசி அளவாகச் சூடு பிடித்தது. "இதுதான் சரி மிஸ்ஸி" என்றேன். அவர் பையைப் பிரித்து அரிசியைச் சட்டியில் கொட்டினார். "உலை வைக்க வழியில்லாத சனத்துக்கிட்ட, அரிசியப் பையில கட்டி வையுங்க எண்டு எந்த வாயால சொல்லுற?" அன்று மதியம் அந்த அரிசியைக் கஞ்சி காய்ச்சிக் குடித்தோம்.

அடுத்த வாரம் ஒரு வீட்டில் புளி உடைத்துக் கொட்டைகளை ஒதுக்கிக் குவித்திருந்ததைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார். "இத ஆரும் சமைக்கிறல்ல, விக்கிறல்ல. இதுதான் எனக்கு வேணும்." பிசுக்குப் போகக் கழுவி, வெயிலில் காயவைத்து, மண்சட்டியில் மெல்ல மெல்லச் சூடாக்கினோம். புளியங்கொட்டை சூட்டை விடாமல் பிடித்து வைத்திருந்தது. ஆனால் கொட்டைகளுக்கு இடையில் வெற்றிடம் விழுந்து பை முண்டும் முடிச்சுமாக இருந்தது. அந்த இடைவெளியை நிரப்ப, நெல் தூற்றும்போது ஒதுங்கும், குத்தினாலும் அரிசி தேறாத பாதி மணி நெல்லைக் கலந்தார். எந்தப் பையையும் முதலில் தன் வயிற்றில் கட்டிக்கொண்டுதான் வேலை பார்ப்பார். "என்னையே சுடுது, பிள்ளையச் சுடாதா?" என்று மறுபடியும் பிரிப்பார்.

அந்த மாரியிலேயே ஒரு பெண் குழந்தை மாதத்துக்கு முந்திப் பிறந்தது. தாய்க்குக் கடும் காய்ச்சல். சண்டையால் நகருக்குப் போகும் பாதை பூட்டிக் கிடந்தது. வயல் வட்டையிலிருந்து சேற்றுக் காலோடு ஓடிவந்த தகப்பன், "தப்புமா மிஸ்ஸி?" என்று கேட்டார்.

"அது எனக்குத் தெரியா, மனே. நீ அடுப்ப மட்டும் அணைய விடாத."

தகப்பன் விடவில்லை. மிஸ்ஸி பிள்ளையின் இரு பக்கமும் பைகளை அணைத்து வைத்து, ஆறியதை எடுத்துக் கொடுப்பார். தகப்பன் அதைப் பிரித்துச் சட்டியில் கொட்டிச் சூடாக்கித் திரும்பக் கட்டிக் கொடுப்பார். தூரத்தில் ஷெல் விழும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அந்த மனிதன் ஓடி ஒளியவில்லை, சட்டியின் மேல் குனிந்து அதை மறைத்துக்கொண்டார்.

பாதை திறந்ததும் தாயையும் பிள்ளையையும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி நகருக்குப் புறப்பட்டோம். சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் பையொன்றை எடுத்துக் கத்தியால் கிழித்தார். கொட்டையும் நெல்லும் மழைச் சேற்றில் சிதறின. அடுத்த பைக்கு அவர் கை நீட்டியபோது மிஸ்ஸி அந்தக் கையைப் பிடித்தார். அவர் அந்தக் கையை மெல்லக் கொண்டுபோய்ப் பிள்ளையின் பக்கத்தில் இருந்த பையின் மேல் வைத்தார்.

"சூடு. பிள்ளைக்கு. வெட்டினாக் குளிர்ந்திரும்."

சிப்பாய்க்குத் தமிழ் எவ்வளவு விளங்கியதோ தெரியாது. கையைச் சற்று நேரம் அங்கேயே வைத்திருந்தார். பிறகு தன் மழை அங்கியைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டுவிட்டுத் தடையைத் தூக்கினார்.

பிள்ளை பிழைத்தாள். இன்று அவளே இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அதன்பின் எங்கள் பக்கத்தில் பிள்ளைப்பேறு நெருங்கும் பெண்கள் தாங்களே பை தைத்து எடுத்து வரத் தொடங்கினார்கள். கரண்ட் வந்த பிறகும் இடுப்பு வலிக்கு, முழங்கால் வலிக்கு என்று அந்தப் பைகள் நின்றுவிடாமல் புழங்கின.

போன வருடம் நாவற்குடாவில் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். கனடாவிலிருந்து வந்த உறவினர் ஒருவர், மைக்ரோவேவ் அடுப்பில் வைத்துச் சூடாக்கும் பையொன்றைக் கொடுத்திருந்தார். மிஸ்ஸி அதைக் காதருகே வைத்துக் குலுக்கினார்.

"உள்ளுக்க என்ன?"

"செர்ரிப் பழத்திட கொட்டையாம்" என்றார் தங்கை.

மிஸ்ஸி வாய்விட்டுச் சிரித்தார். "பாத்தீங்களா அண்ண, அங்கயும் ஒருத்தி யோசிச்சிரிக்கா!"

தான்தான் முதலில் கண்டுபிடித்ததாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. முகம் தெரியாத ஒருத்தியைக் கடலுக்கு அப்பால் தன் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார். அந்தச் சிரிப்பை நான் வைத்திருக்கிறேன். அவரோடு ஒரே கூரையின் கீழ் வேலை செய்தவன் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையையும் வைத்திருக்கிறேன். என் வாழ்நாளில் நான் பெற்ற வேறெந்தப் பெயரும் அதற்கு மேல் இல்லை.