சூளையில் கிடைத்த தாத்தா

அல்போன்சம்மாள் என்ற பேரை நான் முதலில் கேட்டது சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டில், மீன் வாங்க நிற்கும்போது. எண்பத்து மூணாம் வருஷம் இருக்கும். "தையல்கடை அல்போன்சம்மாளுக்குத் தாத்தா கிடைச்சிட்டாராம்லா" என்றார் மீன்காரர் ரவூப்.

"எப்ப காணாமப் போனாரு?"

"ஜப்பான்காரன் வர்றதுக்கும் ரொம்ப முந்தி."

எனக்குப் பொறுக்கவில்லை. ரவிக்கை தைக்கிற சாக்கில் கடைக்குப் போனேன். அன்றைக்குப் பிடித்த சிநேகிதம்.

அவள் தாத்தா லாசரஸ் ஜூரோங் பக்கம் செங்கல் சூளையில் கூலி. பாட்டியையும் கைக்குழந்தையாக இருந்த அவள் அப்பாவையும் விட்டுவிட்டு ஒருநாள் காணாமல் போனார். செத்தாரா ஓடினாரா, யாருக்கும் தெரியாது. அண்ணன் பெண்டாட்டி பிரிஜட்டுக்கு மட்டும் நன்றாகத் தெரியும். கல்யாணமோ கிறிஸ்மஸோ, "உங்க தாத்தாதான் பொம்பளையோட ஓடினவராச்சே" என்பாள். அல்போன்சம்மாளுக்கு அது தொண்டையில் முள்.

ஜூரோங்கை ஒட்டின பூன் லேயில் கட்டடத்துக்குத் தோண்டினபோது, பழைய சூளைக்குப் பக்கத்தில் ஓர் ஆளின் எலும்பு கிடைத்தது. பல்லில் வெற்றிலைக் காவி. "எங்க தாத்தாதான். ஓடல, வேலை செஞ்ச இடத்துலயே செத்திருக்காரு" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். பெட்டி வாங்கினாள், பூசைக்குச் சொன்னாள், பிரியாணிக்கும் சொன்னாள்.

எந்த நாட்டுக் கூலி என்று எலும்பைப் பார்த்துச் சொல்ல ஒரு டாக்டர் இருந்தார், நம் ஆள். அவளோடு நானும் போனேன். பிரிஜட்டும் வந்தாள், விடுவாளா.

"சாரி ஆன்ட்டி, இது ஆம்பளை இல்ல, இடுப்பெலும்பு பொம்பளையோடது" என்றார் டாக்டர். "முன்பல்லு பின்பக்கம் குழிஞ்சிருக்கு பாருங்க. அநேகமா சீனக்காரங்க. வெத்தலை எல்லாருந்தான் போட்டாங்க. கழுத்தெலும்பு தேஞ்சிருக்கு, நிறையச் சுமந்திருக்காங்க."

பிரிஜட் வாயைப் பொத்திச் சிரித்தாள். "பாத்தியா அல்போன்சா, நான் சொன்ன பொம்பளையே கிடைச்சிட்டா."

அல்போன்சம்மாள் அந்தக் கழுத்தெலும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்க ஆள் இல்லாவிட்டால் எரித்துக் கடலில் கரைத்துவிடுவார்களாம்.

"எங்க சின்னப் பாட்டின்னு எழுதிக்குங்க டாக்டர்" என்றாள். பிறகு திரும்பினாள். "அண்ணி, நீங்க சொல்றது சரின்னா இவங்க உங்க மாமியாருக்கு மாமியார் முறை. வந்து முட்டி போடணும்."

கல்லறையில் சாமியார் தயங்கினார். "ஞானஸ்நானம் வாங்கினவங்களாம்மா?"

"நீங்களே கேட்டுப் பாருங்க சாமி."

சாமியார் ஜெபம் சொன்னார். பிரிஜட் முட்டி போட்டாள், பிரியாணியும் ரெண்டு தட்டு சாப்பிட்டாள். அதற்கப்புறம் தாத்தா ஓடின பேச்சை அவள் எடுக்கவே இல்லை. எடுத்தால் அல்போன்சம்மாள், "வாங்க அண்ணி, சின்னப் பாட்டிக்குப் பூ வச்சிட்டு வரலாம்" என்று கையைப் பிடித்து இழுப்பாள்.

லாசரஸ் தாத்தா எங்கே போனார் என்று இன்னும் தெரியாது. அல்போன்சம்மாள் இப்போது அந்தச் சூளை இருந்த பூன் லேயில்தான், மகன் வீட்டில் இருக்கிறாள்.