வெயில் அடுப்பும் என் அவசரமும்

தொழில்நுட்பம் படிப்பிக்கும் எங்களுக்குத் திருகோணமலையில் எரிசக்திப் பயிற்சி நடந்தது. தேயிலைப் பெட்டிக்குள் ஈயத்தாள் ஒட்டி, மேலே கண்ணாடி போட்டு, ஆளுக்கொரு வெயில் அடுப்புச் செய்தோம். கடைசி நாளில் சோறு வெந்தால் அடுப்பைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகலாம் என்றார்கள். தம்பலகாமத்தில் என் வகுப்பில் கரும்பலகையைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்தப் பெட்டி எனக்கு வேண்டியிருந்தது.

ஆனால் விறகடுப்பில் சோறாக்கி வளர்ந்த கை சும்மா இருக்கவில்லை. கடைசி நாள் காலை பத்து மணிக்குள் நான்கு தடவை கண்ணாடியைத் தூக்கிச் சட்டியைத் திறந்து பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் சேர்ந்திருந்த சூடு வெளியே போனது.

பக்கத்து அடுப்புக்காரியான மூதூர் டீச்சர் சிரித்தார்.

“மாஸ்டர், அது என்ன புதுப்பொம்பிளையே, இப்பிடி எட்டி எட்டிப் பார்க்கிறதுக்கு?”

“பாராமல் இருக்க ஏலாமல் கிடக்கு, டீச்சர்.”

“அப்ப அந்த வேம்புக்கு அங்கால போய் இருங்கோ. நான் கூப்பிடுறன்.”

போய் இருந்தேன். இரண்டு மணிக்குத்தான் கூப்பிட்டார். பயிற்சி தந்தவர் ஒரு சோற்றை எடுத்து நசுக்கினார். நடுவில் இன்னும் கொஞ்சம் வேகாத அரிசி இருந்தது.

“ஓம், சாப்பிடலாம். கொண்டுபோங்கோ” என்றார்.

பெட்டியைக் கூரையில் ஏற்றச் சொன்னார் பஸ் கண்டக்டர். மாட்டேன் என்று தம்பலகாமம் வரைக்கும் மடியிலேயே வைத்திருந்தேன்.